பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்

அறுவை மருத்துவர் ஒரு தாளைத் திருப்பி, அதில் சித்தப்பாவின் இடது காலை வரைந்தார். முழங்காலுக்கு மேலே ரத்தக்குழாய் அடைத்திருந்த இடத்தைப் பேனாவால் கறுப்பாக்கினார். தொடையிலிருந்து ஒரு ரத்தநாளத்தை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் போகும் புதுப் பாதையாகத் தைத்துவிடலாம் என்றார். ஜொகூர் பாருவில், மருத்துவமனையின் அந்தச் சிறிய அறையில், அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் சித்தப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஸ்கூடாயில் ஓர் உணவுக்கடையில் இருபத்தைந்து வருடமாக ரொட்டி சானாய் என்னும் பரோட்டா போட்டவர். நாள் முழுக்க நின்றே வேலை. பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் கெண்டைக்கால் இறுகிப்போய் இரண்டு முறை நின்றுவிடுவார். வயதாகிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு சுண்டுவிரலில் வந்த புண் ஆறாமல் கறுத்தது. படுத்தால் பாதம் எரியும் என்று, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். சர்க்கரை நோய் இருந்தது, சிகரெட்டும் இருந்தது.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். புதுப் பாதையும் அடைத்துக்கொள்ளலாம். சில வருடம் தாங்கலாம், சில மாதத்திலேயே போகவும் செய்யலாம். அப்போது காலை எடுக்க வேண்டி வரும். சித்தப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான்.

“என்னம்மா சொல்றாரு?”

“சரியாயிடுமாம் சித்தப்பா. சிகரெட்ட மட்டும் விடணுமாம்.”

அவருக்கு எல்லாம் புரிந்ததா என்று மருத்துவர் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. சுண்டுவிரல் போனது, பாதம் பிழைத்தது. மறுநாள் தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. அவர் சிகரெட்டைத் தொடவேயில்லை. மூன்று மாதத்தில் மறுபடியும் கடையில் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றார். அதுவரை தீபாவளிக்கு மட்டும் விடுப்பு எடுத்தவர், வருடத்துக்கு இரண்டு முறை எங்காவது கிளம்பினார். பத்துமலைப் படிகளை ஏறினார். லங்காவிக்குப் போய்க் கடற்கரை முழுக்க நடந்துவிட்டு வந்தார். கால் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் வருடம் ஒரு காலையில் அந்தப் பாதம் வெளுத்துச் சில்லென்று இருந்தது. புதுப் பாதை அடைத்துவிட்டது. உறைந்த ரத்தக்கட்டியை எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் அடைத்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பது என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைக்கு மறைத்ததைச் சொல்லி அழுதேன்.

“தெரியும்மா,” என்றார். “டாக்டர் அவ்வளவு நேரம் பேசறாரு, நீ ரெண்டே வார்த்தைல முடிக்கிற. அன்னிக்கே நர்ஸ்கிட்ட மலாய்ல கேட்டுக்கிட்டேன். எப்ப வேணும்னாலும் அடைக்கும்னு அந்தம்மா சொன்னாங்க. அதான் கால் இருக்கறப்பவே போயிட்டு வந்துட்டேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ பயந்துபோயிருந்தே. நான் வேற எதுக்கு பயமுறுத்தணும்?”

இப்போது செயற்கைக் கால் போட்டு நடக்கிறார். கடையில் கல்லைவிட்டுத் தேத்தண்ணீர்ப் பக்கம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். போன மாதம் வலது காலையும் பரிசோதித்தார்கள். அதிலும் குழாய் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. மருத்துவர் சொன்ன நல்லது கெட்டது எதையும் விடாமல், ஒவ்வொரு வாக்கியமாக அவரிடம் சொன்னேன்.

முடித்ததும், “சரி லா,” என்றார். “இனிமே நர்ஸ தேடிப் போக வேண்டியதில்ல.”