மொட்டையடித்த கொடி ரோஜா

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

உத்திரமேரூரில் மூட்டை தூக்கி, அதே தோளோடு சொந்தமாக நெல் மில் போட்டவன் நான். மூன்றாங்கிளாஸ் தாண்டாதவன். வீட்டு கேட்டுக்கு மேலே இரும்பு வளைவு வைத்துக் கொடி ரோஜா ஏற்றியதும் இந்த ஊரில் நான்தான் முதல். வந்து பார்க்காதவன் கிடையாது.

இளங்கொடி. ஆளுயரம் தாண்டி நெட்டுக்குத்தாக வளர்ந்ததே தவிர, உச்சியில் நாலு பூ, அவ்வளவுதான். ஐப்பசிக் காற்றில் ஒரு கொடி சாய்ந்து மதில்மேல் படுத்துக்கொண்டது. பார்த்தால், படுத்த கொடியில் கணுவுக்குக் கணு கிளை, கிளைக்குக் கிளை மொட்டு! எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காய்ந்த குச்சிகளை மட்டும் நறுக்கிவிட்டு, முள் குத்தக் குத்த மற்ற கொடிகளையும் வளைத்துப் படுக்கவைத்து வாழைநாரால் கட்டினேன். பொங்கலுக்குள் மதில் முழுக்கக் கிளை.

மாசியில் என் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பரம்பரை நிலக்காரர்கள். ‘மூட்டை தூக்கினவன் சம்பந்தமா’ என்று முணுமுணுத்தவர்கள். அவர்கள் என் பூவுக்கடியில் தலைகுனிந்துதான் நுழைய வேண்டும் என்று இருந்தேன்.

மில்லுக்கு பெல்ட் வாங்கச் செங்கல்பட்டு போய்த் திரும்பினால், கேட்டில் ஓர் இலை இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள். வெட்டின இடத்திலெல்லாம் சாணி உருண்டை. பக்கத்தில் அரிவாளோடு என் பெண்சாதியின் தம்பி. காவாந்தண்டலத்தில் மல்லித் தோட்டம் வைத்திருப்பவன்.

“இன்னாடா பண்ணிக்கினு கீற?”

“கவாத்து மாமா. பொங்கல் தாண்டினா மல்லிய அறுத்துடணும். அக்கா வூடாச்சேன்னு நானே வந்தேன்.”

“இது மல்லியாடா? மல்லி புதுத் துளிர்ல பூக்கும். இது பழைய கொடியோட பக்கக் கெளையிலதான்டா பூக்கும்! மாசிக்கு இன்னாத்தக் காட்டுவேன், உன் மூஞ்சியவா?”

“அறுத்தா தழையும் மாமா. எதுக்கு பேஜார் பண்ற?”

அரிவாளைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். நிச்சயத்துக்கு இவன் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கத்தினேன். பெண்சாதி வெளியே வந்தாள்.

“தாய்மாமன் இல்லாத நிச்சயமா? செடிக்காவ பொண்ணு கல்யாணத்த நிறுத்துவியா? நிறுத்து, பாக்கறேன்.”

தெருவில் கிடந்த அரிவாளை நானே போய் எடுத்து வந்தேன். வேறென்ன செய்வது?

மாசி வந்தது. கட்டைகளில் இலை தழைத்திருந்தது. மொட்டு ஒன்றுகூட இல்லை. சம்பந்தி நிமிர்ந்த தலையோடு வந்து வளைவை அண்ணாந்து பார்த்தார்.

“கேட்டு பெருசா கீது. வெறும் இரும்பா வுட்டுட்டீங்களே?”

“பெயிண்ட் அடிக்கணும்” என்றேன். மில் முதலாளி நான், சொன்ன பதில் அது!

முறைப்படி தாய்மாமனுக்கு வேட்டி துண்டு நான்தான் கொடுக்க வேண்டும். சபையே பார்க்கிறது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். கழுத்தில் துண்டைச் சுற்றினேன். நன்றாக இறுக்கியே சுற்றினேன்.

“மாமா, மூச்சு முட்டுது.”

“முட்டட்டும்டா.”

மேளச் சத்தத்தில் எவனுக்கும் கேட்கவில்லை.