வெள்ளிமலையில் இரவல் வாங்கிய கோழிகள்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் நான் சங்கராபுரம் பக்கம் அரசாங்கக் கால்நடை மருத்துவர். அங்கே ஒரு பண்ணைக்காரர், கோழி தும்மினாலே தண்ணீரில் டெட்ராசைக்ளின் கலப்பார். அவருடைய கோழிகளின் எச்சத்தில் இருந்த பாக்டீரியா அந்த மருந்தைச் சட்டை செய்வதே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே அறியாத குடல் வேண்டும். வெள்ளிமலையில் ஓர் அம்மாவிடம் இரண்டு நாட்டுக்கோழிகளை இரவல் வாங்கி வந்தேன். அவற்றின் எச்சத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, மருந்து தோய்த்த காகித வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா எதுவும் முளைக்காமல் பளிச்சென்று வட்டம் விழுந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம்.

அதற்குள் போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஜீப் நகரவில்லை. மலைக்கோழிகளை அந்தப் பண்ணைக்காரரின் கொட்டகையிலேயே, அவர் கோழிகளோடு விட்டேன். லாரி வராததால் பண்ணையில் மருந்து ஏற்கெனவே தீர்ந்திருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மருந்தை எதிர்க்கும் திறன் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் இருக்கிறது. மருந்து இல்லாதபோது அது வீண் சுமை, பாக்டீரியா உதறிவிடும் என்று படித்துத் தேறியவன் நான்.

பாதை திறந்ததும், திருப்பித் தருமுன் விதிப்படி இன்னொரு சோதனை செய்தேன். மலைக்கோழிகளின் தட்டில் வில்லையின் விளிம்புவரை பாக்டீரியா அப்பிக் கிடந்தது. தட்டு மாறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. வளையமும் அதைச் சுமந்த பாக்டீரியாவும் கோழிக்குடலில் ஒன்றுக்கொன்று பழகிக் குடித்தனம் நடத்துகின்றன. ஒரே கொட்டகையில் மேய்ந்ததில், ஒரு துளி மருந்து குடிக்காத கோழிக்குள்ளும் குடியேறிவிட்டன.

வெள்ளிமலை அம்மா கூடையோடு பண்ணைக்கே வந்து நின்றார்.

"இதுங்கள மேல கொண்டு போனா உங்க ஊர்க் கோழிக்கெல்லாம் பரவும்மா. வேற கோழி வாங்கித் தரேன்" என்றேன்.

"ஊசி போட்டீங்களா சார்?"

"இல்ல."

"மருந்து?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் இன்னா? தீனிய ஜாஸ்தியா தின்னுட்டு கொழுகொழுன்னு கீதுங்க. நீங்கதான் சீக்காளி மாரி நிக்கிறீங்க. அடை வைக்க கோழி இல்லாம முட்டையெல்லாம் கெடக்குது, குடுங்க சார்."

பண்ணைக்காரர் சிரித்துவிட்டார்.

தடுக்க விதி தேடினேன். வெள்ளைக்கழிச்சலுக்கு உண்டு, அம்மைக்கு உண்டு. நலமாக மேயும் கோழியின் குடலுக்குள் இருப்பதைப் பிடித்து நிறுத்த ஒரு வரிகூட இல்லை. இரவல் பதிவேட்டில் 'நல்ல நிலையில் திருப்பித் தரப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறினார்.