பால்கனியில் காற்று வாங்கியவள்

யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்பது என் கொள்கை. கோவையில் அதனால் எனக்கு நல்ல பெண் என்று பெயர். வேலைக்காக மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிக் குடியிருப்பில் குடியேறியபின், அதே கொள்கையால் தலைக்கனம் பிடித்தவள் ஆனேன். பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொடுத்தனுப்பினால், சூடு ஆறுவதற்குள் கிண்ணத்தைக் கழுவி, இரண்டு பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை துணி காயப்போடப் பால்கனிக்குப் போனேன். பின்னால் இழுத்துச் சாத்திய கண்ணாடிக் கதவின் தாழ் தானாக விழுந்துவிட்டது. கைப்பேசி உள்ளே, மேசைமேல், கண்ணாடி வழியே பளிச்சென்று தெரிந்தது.

பக்கத்துப் பால்கனியில் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அங்கயே நிக்கிற?"

கதவு பூட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டியதுதானே? "சும்மா, காத்து வாங்குறேன்க்கா" என்றேன்.

"வாங்கு, வாங்கு. நான் பாசார் போயிட்டு வர்றேன் லா" என்று உள்ளே போய்விட்டார்.

கீழே ஒருவர் நடந்து போனார். எனக்கே கேட்காத குரலில் அவரைக் கூப்பிட்டேன். பிறகு மழை கொட்டியது. துணிகளோடு நானும் நனைந்தேன்.

சந்தையிலிருந்து திரும்பிய அக்கா தன் பால்கனிக் கதவைச் சாத்த வந்தபோது என்னைப் பார்த்தார்.

"ஐயோ, இன்னுமா காத்து வாங்குற?"

அழுதுவிட்டேன். "கதவு பூட்டிக்கிச்சுக்கா."

"அப்பவேவா?"

"ஆமா."

அவர் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூட்டுத் திறப்பவரை வரவழைத்து என் வாசற்கதவைத் திறக்க வைத்ததும் அவர்தான். அவர் கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டிலேயே சாப்பிட்டேன்.

"கிண்ணத்த ஒடனே திருப்பிக் குடுக்குறப்ப, எங்க சகவாசமே வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கும்மா" என்றார். தலைக்கனக்காரி என்ற பட்டமும் அன்றுதான் என் காதுக்கு வந்தது.

சில வாரம் கழித்து ஈப்போ போய்விட்டு, கனத்த பெட்டியோடு, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ரயிலைவிட்டு இறங்கினேன். திருந்திய மனுஷியாயிற்றே, வாக்கியத்தை ஒத்திகை பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, என்னை வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"இன்னிக்கு முடியாது லா. காடி ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. ஃபெரி ஏறி வந்துரு."

அவ்வளவுதான். அவருக்குச் சங்கடமும் இல்லை, எனக்கு வருத்தமும் இல்லை. நாம் ஒன்று கேட்டால் எதிராளி முடியாது என்றும் சொல்லலாம் என்பது இத்தனை வயதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். நிம்மதியாக இருந்தது.