ஊருணிக்கு வைத்த கைநாட்டு

கண் மங்கியதிலிருந்து என் கையெழுத்து எனக்கே ஒத்துப்போவதில்லை. அதனால் பேங்கில் கட்டைவிரலை மையில் அழுத்தச் சொன்னார்கள். அந்த மை வாடை மூக்கில் ஏறியதும், திருமயம் போகிற வழியில் இருந்த எங்கள் ஊர் ஊருணிக்கரை கண் முன்னால் வந்துவிட்டது.

கரையில் ஒரு கல்தொட்டி உண்டு. அதில் காலைக் கழுவாமல் யாரும் படியில் இறங்கக் கூடாது, குடிதண்ணீரில் துணியை நனைக்கக் கூடாது. விடிகாலையில் குடங்கள் தண்ணீரை முகக்கிற களக் களக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஊருணியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டப் போகிறார்கள் என்றதும், என் ஆத்தா தண்ணீருக்கு வந்த பெண்களையெல்லாம் படியில் உட்காரவைத்து, அவர்களுடைய ஈர விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து மனுவில் கைநாட்டு வாங்கினாள். சமஸ்தான ஆட்சி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தும், அப்பா பழைய வழக்கப்படி அந்த மனுவை மகாராஜாவுக்கே எழுதியிருந்தார்.

"நம்ம ராசாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டாருங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள் ஆத்தா.

மனு திரும்பி வந்தது. அப்போது எங்கள் ஜில்லாவாகியிருந்த திருச்சியின் கலெக்டருக்கு மாற்றி எழுதி, மறுபடி எல்லாருடைய விரலையும் பிடிப்பதற்குள் செம்மண் லாரிகள் வந்துவிட்டன.

பஸ் ஸ்டாண்டு திறந்த பிறகு ஒருநாள், பொன்னமராவதி போக நானும் ஆத்தாவும் வந்தோம். சிமெண்டுத் தரையின் விளிம்பிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"வா ஆத்தா, பஸ்ஸு வந்துருச்சு."

"இருடி, காலக் கழுவிட்டு வாரேன்" என்றவள், இங்கிட்டும் அங்கிட்டும் தண்ணீரைத் தேடினாள்.