கயிற்றில் சுற்றிய சைக்கிள் ட்யூப்

அறுபது மீட்டர் ஆழத்தில் கோபம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கத்த முடியாது. விருட்டென்று மேலே வரவும் முடியாது. வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிச் சாக வேண்டியதுதான். நின்று நின்று மெல்லத்தான் ஏற வேண்டும். நான் முக்கால் மணி நேரம் அப்படித் தொங்கினேன். எனக்குத் துரோகம் செய்தவனின் படகுக்கு அடியில், அவன் இறக்கிக் கொடுத்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு.

நான் இறங்கியது மத்திய அந்தமானுக்குக் கிழக்கே கடலடியில் கிடக்கும் உலகப் போர்க்காலத்து நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க. நானும் அவனும்தான் கண்டுபிடித்தோம். நான் டைவிங் கற்றுக்கொடுப்பவன், வீடு பத்துபஸ்தியில். அவன் ரங்கத் ஊரில் படகு வைத்திருந்தான். எனக்குச் சமமாக டைவும் அடிப்பான். தூண்டில் அடிக்கடி மாட்டுகிற இடம், பாறையாக இருக்கும் என்று இறங்கினோம். கப்பலாக இருந்தது. அதன் மேல்மூடி மூடியே இருந்தது. அப்படியென்றால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை.

அன்றைக்கே படகில் உட்கார்ந்து பேசி வைத்தோம். மூடியைத் தொடக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. யாரிடமும் சொல்லக்கூடாது. ஜிபிஎஸ்ஸில்கூட ஏற்றவில்லை. அவன் குடும்பம் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த மீனவக் குடும்பம். அவர்கள் வழக்கப்படி கணியம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டோம். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும், வேறு திசையில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் கப்பல். எந்த அடையாளங்கள் என்று இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வருஷம் அவனுக்குச் செவிப்பறை கிழிந்தது. டாக்டர் இனி இறங்கவே கூடாது என்றார். அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவை நான் தனியாக இறங்குவேன், அவன் மேலே இருப்பான். தனியாக இறங்குவது தப்பு. தெரிந்துதான் செய்தேன். மேலே இருப்பவன் அவன் என்கிற தைரியம்.

கடைசித் தடவை அவன் இழுத்தடித்தான். இஞ்சின் சரியில்லை என்றான், நீரோட்டம் அதிகம் என்றான். நான் கேட்கவில்லை. கீழே போய்ப் பார்த்தால் கப்பலின் கோபுரத்தில் புதுக் கயிறு கட்டியிருந்தது. மேல்மூடியைச் சுற்றிச் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். பக்கத்துக் கம்பியில் ஒரு கடப்பாரை கட்டிக் கிடந்தது. திரும்பி வரப்போகிறவன்தான் கடப்பாரையை விட்டுப் போவான்.

கயிறு இரும்பில் உரசும் இடத்தில் சைக்கிள் ட்யூபை நறுக்கிச் சுற்றி, செம்புக் கம்பியால் இறுக்கியிருந்தது. அந்தமானில் வேறு யாரும் இப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் படகில் எல்லாக் கயிறும் இப்படித்தான் இருக்கும்.

ட்யூபை அறுத்து எடுத்துக்கொண்டேன். கடப்பாரையை அவிழ்த்து மணலில் தள்ளினேன். அவர்கள் இன்னொன்று கொண்டுவருவார்கள் என்று தெரியும், இருந்தும் தள்ளினேன். ஏறும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவனைத் திட்டிக்கொண்டே நின்றேன். ஆறு மீட்டரில் ஆக்சிஜன் சிலிண்டர் தொங்கியது. சொன்ன நேரத்துக்கு இறக்கியிருந்தான். ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

படகில் ஏறியதும் ட்யூபை அவன் காலடியில் எறிந்தேன்.

அவன் அதைப் பார்த்துவிட்டு, "கயித்த அவிழ்த்துட்டோம்னு சொன்னாங்களே" என்றான்.

"அப்போ உன்னையும் ஏமாத்திட்டாங்க. ரொம்ப சந்தோஷம். யாருடா அவங்க?"

"மெயின்லேண்ட் பார்ட்டி. ஏக் பார், ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுவோம்னாங்க அண்ணே."

"கடப்பாரையோடவா பாக்க வந்தாங்க?"

"கடப்பாரையா? கசம் அண்ணே, சத்தியமா அது எனக்குத் தெரியாது."

"எதுக்குடா கூட்டிட்டுப் போனே?"

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ வருஷா வருஷம் கீழ போய்ப் பாக்குற. நான் மேல உக்காந்து உன் குமிழியப் பாக்குறேன். நான் என்ன, உன் டிரைவரா? கண்டுபிடிச்சதுல பாதி நான். அவங்க கேமராவுல எடுத்து எனக்குக் காட்டினாங்க. நீ ஒரு போட்டோவாவது காட்டினியா?"

"படம் வேணாம்னு சொன்னதே நீதானேடா."

"அப்போ எனக்குக் காது இருந்துச்சு அண்ணே."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்களிடமும் எனக்குச் சண்டைதான். உள்ளே கிடக்கிறவர்களுக்குக் கண் இல்லை, காது இல்லை, வாய் இல்லை. அவர்களுக்காக நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"எப்போ திரும்பி வர்றாங்க?"

"அடுத்த மாசம்னாங்க. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"நீ எதுக்கு? இடம்தான் தெரிஞ்சுபோச்சே."

மறுநாள் டெலானிபூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். மூடியைத் திறக்கப் பார்க்கிறார்கள், தடுக்க வேண்டும் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, "இடம் எங்கே என்று தெரியாமல் எதைக் காவல் காப்பது?" என்றார். நியாயமான கேள்வி. நான்கு அடையாளங்களையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது ரோந்துப் படகு அந்தப் பக்கம் போகிறது. மூடி இன்னும் திறக்கப்படவில்லை என்றார்கள். நான் அதன்பின் இறங்கவில்லை. மேலே உட்கார ஆள் இல்லை.

நான் அலுவலகத்துக்குப் போய் ஒரு வாரம் கழித்து அவன் போன் செய்தான். "நீயும் சொல்லிட்டியாமே அண்ணே" என்றான்.

"ஆமா, சொல்லிட்டேன். என்ன இப்போ?" என்று வைத்துவிட்டேன்.