பெட்டியில் கொட்டிய விதை

மலேயாவில் கடை வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு இனி பெர்மிட் புதுப்பிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், திருச்சுழிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் மண்டிக்கிடந்த வேலிக்கருவேலை வெட்டத் தொடங்கினேன். கையெல்லாம் முள். விதைச் சோளமும் வாங்கிவைத்தேன். மகளிடம் மட்டும் விவரம் சொல்லவில்லை.

அவர் வந்திறங்கியதும், லீவில் வரும்போதெல்லாம் கேட்பதுபோலவே கேட்டாள்: "எப்பப்பா திரும்பிப் போறீக?"

அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் துணிகளைக் கொட்டினார்.

"இதுல வெதையப் போட்டு வையி. எலி கடிக்காது" என்றார் என்னிடம்.

ஐப்பசி முடிந்தும் மழை இல்லை. விதையோடு திறக்காமல் கிடந்த பெட்டியைப் பார்த்தபடியே அவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். மகள் கேட்டதையே ஒருநாள் என் மனசும் கேட்டது. அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.