எட்டு விளக்கும் எரிந்த கேபிள்

நெட் கேபிளை உரித்தால் உள்ளே எட்டு வயர் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொரு நிறத்துக்கும் அதே நிறக் கோடு போட்ட ஒரு வெள்ளை வயர் ஜோடி. எட்டையும் வரிசையாக நீட்டி, கண்ணாடி போன்ற சிறிய கனெக்டருக்குள் நுழைத்து அழுத்த வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கனெக்டர் பாக்கெட்டோடு வந்த, வரிசை அச்சடித்த தாளில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். படம் மட்டும் புரிந்தது. அதில் பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீல ஜோடியை வைத்திருந்தார்கள். யாரோ தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஜோடியைப் பிரிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்ததால், முனைகளில் மாட்டிப் பார்க்கும் டெஸ்டரில் வயருக்கு ஒன்றாக எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. கடைகளில் நான் இழுத்த கேபிளில் கேமராவும் நெட்டும் ஓடின. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து கேட்பது எனக்கு எப்போதும் கஷ்டம்.

தென்காசியில் ஒரு மண்டபம். கடையநல்லூர்க் குடும்பத்து நிக்காஹ். ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். கீழே நடப்பதை மாடி டிவியில் காட்ட வேண்டும். வீடியோக்காரரின் கேமராவோடு படத்தை அனுப்பும் ஒரு பெட்டி, டிவியின் பின்னால் அதை வாங்கும் ஒரு பெட்டி, நடுவில் என் கேபிள். படிக்கட்டைச் சுற்றிப் போனதில் நீளம் அதிகம். முதல் நாளே இழுத்து, எட்டு விளக்கையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிவியில் படம் வந்தது. மூன்று நிமிடத்தில் கறுத்தது. மறுபடி வந்தது, புள்ளி புள்ளியாகச் சிதறிப் போனது. நிக்காஹ் பதினொன்றுக்கு.

பெண்ணின் உம்மா டிவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாமூச்சி ஆடுது?"

"பாக்குதேன்மா."

"மூத்தவ நிக்காஹ்ல மைக்குல சத்தம் மட்டுந்தான் கேட்டேன். அவ வாப்பா மாப்பிள்ள கையப் பிடிச்சத நான் பாக்கல. இவளுக்காவது கண்ணால பாக்கணும். பாத்துக்கிடுங்க."

கீழேயிருந்து வீடியோக்காரர் சிரித்தார். "மாடிக்கு மைக்கு போதும், அண்ணாச்சி. இறங்கி வந்து பிரியாணி சாப்பிடும்."

இந்தப் படத்தை வரவைக்காமல் இங்கிருந்து போவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். டெஸ்டரை மாட்டினேன். எட்டு விளக்கும் எரிந்தன. கனெக்டர்களை வெட்டிவிட்டு அதே வரிசையில் புதிதாகப் போட்டேன். எட்டும் எரிந்தன. படம் சிதறியது. மணி பத்து.

பெட்டி கெட்டுப்போயிருக்குமோ என்று பார்க்க, மாடிப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து, அதோடு வந்த முழ நீளக் கேபிளால் இரண்டு பெட்டியையும் நேராக இணைத்து வீடியோக்காரரின் திரையில் பார்த்தேன். படம் அசையாமல் நின்றது. அப்படியானால் கோளாறு என் கேபிளில்தான். அந்தச் சிறு கேபிளின் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பச்சை பிரிந்து இருந்தது. நடுவில் நீலம்.

கம்பெனியிலும் தப்பாகவா போடுவார்கள்? அப்போதுதான் உறைத்தது. கனெக்டரில் இருக்கும் எட்டுப் பித்தளைக் கால்களில் மூன்றாவதையும் ஆறாவதையும் ஜோடியாக வைத்துத்தான் பெட்டி படத்தை அனுப்புகிறது. என் வரிசையில் மூன்றாவதில் பச்சையின் வயர், ஆறாவதில் நீலத்தின் வயர். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு வயர். முறுக்கு இருந்தால்தான் பக்கத்து வயர்களின் சிக்னல் உள்ளே ஏறாது. வயர் அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டுமே டெஸ்டர் சொல்லும். யாரோடு சேர்ந்து போகிறது என்று அதற்குத் தெரியாது. கடைகளில் தூரம் குறைவு என்பதால் இது வெளியே தெரியவில்லை. பிரிக்கக் கூடாது என்று நான் சேர்த்து வைத்ததில்தான் ஜோடி பிரிந்திருக்கிறது.

கீழ் முனையை வெட்டி மாற்றினேன். பெட்டியோடு மாடிக்குப் போனால் கூடம் நிறையப் பெண்கள். கால் வாசலிலேயே நின்றுவிட்டது. பெண்ணின் உம்மா பார்த்துவிட்டார்.

"ஏட்டி, வழி விடுங்க. அண்ணாச்சி என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்காரு?"

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே தலையைக் குனிந்தபடி டிவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்தச் சிறு கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து வரிசையாக நுழைத்து அழுத்தினேன். படம் வந்தது. எழுந்திருக்காமல் பத்து நிமிடம் அங்கேயே இருந்தேன். சிதறவில்லை.

நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் ஓத ஆரம்பித்ததும் கூடம் அமைதியானது. திரையில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். உம்மா டிவியைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்த்தார். முக்காட்டின் நுனி வாயில் இருந்தது. நான் கனெக்டர் அழுத்தும் டூலை எடுத்துக்கொண்டு சுவரோரமாக இறங்கிவிட்டேன்.

பிரியாணிக்கு நிற்காமல் குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு லாட்ஜில் இதே வரிசையில் கனெக்டர் போட்டு நான் இழுத்த டிவி லைன் போன சீசனிலிருந்தே விட்டு விட்டு வந்தது. சாரல் ஈரம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஈரம்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.

லாட்ஜ்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கூப்பிடாம வந்திருக்கேரு? இப்ப சாரலும் இல்லையே, ஓய்."

பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைதான். ஆனாலும் தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"சாரல் இல்ல அண்ணாச்சி. நான் போட்டது தப்பு. ஏணி இருந்தா எடுங்க."